மதம் மாற்றும் ஆசை: அன்பா, அச்சமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், ஆத்தூர் பேருந்து நிலையத்தில் சேலம் செல்லும் பேருந்துக்காகக் காத்திருந்தோம். அங்கிருந்த தேநீர்க் கடை அருகில் இளைஞர் ஒருவர் வருவோர் போவோருக்கெல்லாம் கிறிஸ்தவத் துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று கையை விலக்கிய பெரியவர் ஒருவரின் சட்டைப் பையிலும் ஒன்றைச் செருகினார். அந்த இளைஞருக்கும் நம் பங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் கடைக்காரர் நம்மைப் பார்த்துத்தான் கேட்டார். அவருடைய பிள்ளைகள் இருவரும் அருள்சகோதரிகளின் பள்ளியில் படித்தவர்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் கொடுக்கும் கேக்கை வாங்கிக்கொண்டு, தைப்பொங்கல் அன்று மறவாமல் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புகிறவர்.

“ஏங்க சாமி, எங்க சாமிய நாங்க கும்பிட்டுட்டுப் போறோம். உங்க ஆளுங்களுக்கு மட்டும் எல்லாரையும் இழுத்துப் போடணும்னு ஏன் இந்தத் துடிப்பு?”

பேருந்து வந்துவிட்டதால் சிரித்து மழுப்பிவிட்டு ஏறிவிட்டோம். வாழப்பாடியைத் தாண்டிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. கோபத்தில் கேட்ட கேள்வியாக இருந்தால் மறந்திருப்போம். அது நண்பர் கேட்ட கேள்வி. அதற்கு நேர்மையான பதிலைத் தேடுவதே இந்தச் சிந்தனையின் நோக்கம்.

தீப்பற்றிய வீடு

பிறரைத் தம் சமயத்திற்கு அழைக்க ஒருவர் ஏன் விரும்புகிறார்? முதற்காரணம் எளிமையானது: தாம் கண்டது உண்மை என்று அவர் முழுமனதோடு நம்புகிறார். பக்கத்து வீட்டில் தீப்பற்றியிருப்பதாக நம்புகிறவர் கதவைத் தட்டாமல் இருப்பாரா? தட்டாமல் இருந்தால்தான் அவரை இரக்கமற்றவர் என்போம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் அப்படித்தான் நம்பினார். 1542ல் இந்தியா வந்த அவர் முத்துக்குளித்துறையிலும் பின்பு திருவிதாங்கூர் கடற்கரையிலும் உழைத்தார். 1544ன் இறுதியில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரே எழுதியிருக்கிறார். கை ஓய்ந்துபோகும் அளவுக்குத் திருமுழுக்கு கொடுத்தார். ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்குப் பைத்தியக்காரனைப் போல ஓடிச்சென்று, உங்கள் அலட்சியத்தால் எத்தனை ஆன்மாக்கள் விண்ணகத்தை இழக்கின்றன என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது என்ற பொருளில் அவர் எழுதிய மடல் உலகப் புகழ் பெற்றது. திருமுழுக்கு இல்லாதவருக்கு மீட்பு இல்லை என்பது அக்காலத்தின் பொதுவான எண்ணம். அந்த எண்ணத்தோடு பார்த்தால் சவேரியாரின் துடிப்பு நமக்குப் புரியும்.

இந்தத் துடிப்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. பேரரசர் அசோகர் காலத்தில் மகிந்தர் புத்த நெறியை இலங்கைக்குக் கொண்டு சென்றார் என்கிறது பௌத்த மரபு. இசுலாமியரிடம் இறை அழைப்புப் பணி உண்டு. 1875ல் தயானந்த சரஸ்வதி தொடங்கிய ஆரிய சமாஜம் ‘சுத்தி’ என்ற சடங்கின் வழியாகப் பிறரை இந்து சமயத்திற்குள் சேர்த்தது. இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் தமிழ் மண்ணிலேயே, சமணத்திற்குச் சென்றுவிட்ட தம்பி மருள்நீக்கியார் சைவத்திற்குத் திரும்பி வரவேண்டும் என்று திலகவதியார் இறைவனிடம் மன்றாடிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. அந்தத் தம்பிதான் பின்னாளில் திருநாவுக்கரசர். தம்பிக்காக அழுத அந்த அக்காளின் மனத்தில் ஆள் சேர்க்கும் எண்ணம் இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். அன்பு இருந்தது.

ஆகவே கடைக்காரருக்கு நாம் சொல்லவேண்டிய பதிலின் முதற்பாதி இது: பிறரை அழைக்கும் ஆசை அன்பிலிருந்தும் பிறக்கலாம். ஆனால் பதில் அத்தோடு முடிந்துவிடவில்லை.

எண்ணிக்கை என்னும் சோதனை

அன்பு தன்னை அறியாமலேயே கணக்குப் பார்க்கத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. ‘இந்த மனிதருக்கு நன்மை உண்டாகட்டும்’ என்ற எண்ணம் மறைந்து, ‘நம் பக்கம் ஓர் ஆள் கூடட்டும்’ என்ற எண்ணம் வந்து அமர்ந்துகொள்ளும். ஒரே ஓர் ஆளைத் தம் சமயத்தில் சேர்ப்பதற்காகக் கடலையும் நிலத்தையும் சுற்றி வந்தவர்களை ஆண்டவர் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கண்டனம் பரிசேயருக்கு மட்டும் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

எண்ணிக்கை மோகத்தின் அடியில் பெரும்பாலும் அச்சமே இருக்கிறது. சிறுபான்மையினர் கரைந்துபோவோமோ என்று அஞ்சுகின்றனர். பெரும்பான்மையினர் சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்று அஞ்சுகின்றனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த இரண்டு அச்சங்களுக்கும் பெரிய ஆதாரம் தரவில்லை. இந்திய மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 1971ல் 2.6 விழுக்காடு; 2011ல் 2.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2001ல் 6.07 விழுக்காடு, 2011ல் 6.12 விழுக்காடு. இவ்வளவு சிறிய அசைவை வைத்துக்கொண்டு ஒரு சாரார் வெற்றி முழக்கமும் மறு சாரார் அபாய மணியும் எழுப்புவது நமக்கு வியப்பையே தருகிறது.

மாறுகிறவரின் மனம்

மதமாற்றம் பற்றிய விவாதங்களில் மாற்றுகிறவர் பேசுகிறார், தடுக்கிறவர் பேசுகிறார். மாறுகிறவரை மட்டும் யாரும் பேச விடுவதில்லை. அவர் யாரோ ஒருவர் தூக்கிச் செல்லும் பொருளைப் போலவே சித்திரிக்கப்படுகிறார். வரலாறோ வேறு விதமாகக் கூறுகிறது.

1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் திருமறையில் சேர்ந்தபோது, கடலில் தங்களை நெருக்கிய எதிரிகளிடமிருந்து போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். சவேரியார் வருவதற்கு முன்பே அவர்கள் எடுத்த முடிவு அது. 1981 பிப்ரவரி 19 அன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் பெருமளவில் இசுலாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது. டெல்லியிலிருந்து தலைவர்கள் அந்தச் சிற்றூருக்கு வந்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதே பலருடைய கேள்வியாக இருந்தது. அந்த மக்களோ மரியாதையைப் பற்றிப் பேசினார்கள். தீண்டாமையைப் பற்றிப் பேசினார்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய டாக்டர் அம்பேத்கரை யார் ஆசை காட்டி இழுத்திருக்க முடியும்?

மதம் மாறினால் சலுகை கிடைக்கும் என்பதும் கிறிஸ்தவத்தைப் பொறுத்தவரை தலைகீழான பேச்சு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் இனத்தவர் ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியையே இழக்கிறார். 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் அவ்வாறு திருத்தப்படவில்லை. இந்த இழப்புக்கு அஞ்சி, கோயிலில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்களைப் பங்குப் பணியில் இருக்கும் அனைவரும் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மரியாதையைத் தேடி வந்தவர்களுக்கு நாம் மரியாதை கொடுத்தோமா? இதுதான் நம் நெஞ்சைச் சுடும் கேள்வி. ஆத்தூரிலிருந்து கிழக்கே உளுந்தூர்பேட்டை சாலையில் போனால் எறையூர் வெகுதொலைவில் இல்லை. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச் 9 அன்று அங்கே வன்முறை வெடித்தது. தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அடித்தவர்களும் கிறிஸ்தவர்கள், அடிபட்டவர்களும் கிறிஸ்தவர்கள். ஒரே திருமுழுக்குத் தண்ணீர், ஒரே நற்கருணை. கல்லறையில்கூடச் சாதிக்கொரு பகுதி என்ற நிலை தமிழகத் திருச்சபையின் சில இடங்களில் நிலவியதை நாம் மறுக்க முடியாது. உள்ளே வந்தவரைத் திண்ணையிலேயே நிறுத்திவிட்டு, வெளியே நிற்பவரை வா வா என்று அழைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

சேந்தமங்கலம் வந்த துறவி

நம் சேலம், நாமக்கல் பகுதிக்கே இதில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1606ல் மதுரை வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்று அறியப்பட்டார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு உரோமை வரை சென்றது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். அதே ஆண்டில் நொபிலி மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டு, சேந்தமங்கலம் வழியாகச் சேலத்திற்கு வந்தார். சேந்தமங்கலத்துச் சிற்றரசர் இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். சேலத்து ஆட்சிக் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் பின்னர் திருமுழுக்குப் பெற்றார்.

அவரிடம் படை இல்லை. காட்டி மயக்கப் பணமும் இல்லை. கேட்க விரும்பியவரோடு அமர்ந்து பேசினார், வாதிட்டார், எழுதினார். கேட்பவரின் மொழியையும் பண்பாட்டையும் அவர் இழிவாகக் கருதவில்லை. இது நாம் பெருமைப்பட வேண்டிய பாடம். ஆனால் சாதி வேறுபாட்டை ஒரு சமூக வழக்கம் மட்டுமே என்று எண்ணி அவர் இடம் கொடுத்தார். பண்பாட்டை மதித்தது சரி. பண்பாட்டுக்குள் இருந்த பாவத்துக்கும் இடம் விட்டுவிட்டார். நூற்றாண்டுகள் கடந்து எறையூரில் நாம் அறுத்த கசப்பான விளைச்சலுக்கு அக்காலத்தில் இட்ட விதையும் ஒரு காரணம் என்பதை ஏற்றுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டமும் மனச்சான்றும்

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் அனைவருக்கும் உரிமை அளிக்கிறது. ‘பரப்ப’ என்ற சொல் சேர்க்கப்பட வேண்டுமா என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் சூடான விவாதம் நடந்தது. அச்சொல்லுக்கு ஆதரவாகப் பேசியவர்களில் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். கிறிஸ்தவ நிறுவனங்களில் சுமார் 14 ஆண்டுகள் படித்த தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்று அவர் அங்கே சாட்சி சொன்னார். இந்த உரிமை எல்லாச் சமயத்தாருக்கும் பொது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். கிறிஸ்தவர்களின் உரிமைக்காக ஓர் இந்து பேசினார் என்பதையும், அவரைப் பேச வைத்தது அவர் கண்ணால் கண்ட கல்விப் பணி என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பின்பு ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் 1960களில் தடைச் சட்டங்கள் வந்தன. கத்தோலிக்கக் குரு ஸ்தனிஸ்லாஸ் தொடர்புடைய வழக்கில் 1977ல் உச்ச நீதிமன்றம், சமயத்தைப் பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. வலுக்கட்டாயம், ஆசை காட்டுதல், மோசடி ஆகியவற்றால் மதம் மாற்றினால் மூன்று ஆண்டுச் சிறை. பெண்கள், சிறார், பட்டியல் இனத்தவர் என்றால் நான்கு ஆண்டு. மாவட்ட ஆட்சியருக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும். சிறுபான்மையினர் திரண்டு எதிர்த்தனர். 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அந்த அரசே சட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆயினும் நாட்டின் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளன.

கட்டாயமும் மோசடியும் தவறு என்பதில் நமக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. 1965ல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மறைபரப்பு ஏடு, யாரையும் வற்புறுத்துவதையும் தந்திரமாகக் கவர்ந்திழுப்பதையும் கண்டிப்புடன் விலக்கியிருக்கிறது. நம் வருத்தம் வேறு. ஏழையும் பெண்ணும் தலித்தும் சொந்தமாகச் சிந்தித்து முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்ற எண்ணம் இத்தகைய சட்டங்களில் ஒளிந்திருக்கிறது. மனிதரின் மனச்சான்று ஆட்சியர் அலுவலகத்துக் கோப்பு அன்று.

அந்த 1977 தீர்ப்பைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் வாதிடட்டும். விசுவாசிகளாகிய நாம் ஒன்றை மட்டும் நினைத்துப் பார்ப்போம். ஒரு மனிதரை இன்னொரு மனிதர் மாற்ற முடியும் என்று நம் இறையியலும் சொல்லவில்லை. விதைப்பவர் நாம், முளைக்கச் செய்பவர் இறைவன், ஏற்பதும் மறுப்பதும் அந்த நிலத்தின் சுதந்திரம்.

நம்மைவிட்டுப் போனவர்கள்

இவ்வளவையும் எழுதிய பின் நம்முடைய தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் வேறொரு ஜெபக்கூடத்திற்குப் போய்விட்டது. நமக்கு அடக்க முடியாத கோபம். ‘ஆடு திருடுகிறார்கள்’ என்று மறையுரையிலேயே பேசினோம். ‘எவ்வளவு பணம் கொடுத்தார்களாம்?’ என்று பங்குப் பேரவையினரிடம் கேட்டோம்.

பின்பு ஒரு நாள் காய்கறிச் சந்தையில் அந்தக் குடும்பத்துத் தாயைச் சந்தித்தோம். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வணக்கம் சொன்னார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். “அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நாப்பது நாளும் அவங்கதான் ஃபாதர் வந்து பக்கத்துல ஒக்காந்தாங்க. நம்ம கோயில்ல இருந்து சந்தா நோட்டுதான் வந்துச்சு.”

அன்று இரவு உறக்கம் வரவில்லை. மீனாட்சிபுரத்து மக்களிடம் நாடு கேட்ட அதே கேள்வியைத்தான் நாமும் கேட்டிருந்தோம். நம்மை நோக்கிப் பிறர் வீசும்போது எந்தச் சொற்கள் நம்மைப் புண்படுத்துகின்றனவோ, அதே சொற்களை எடுத்து நம்மைவிட்டுப் போனவர்கள்மேல் வீசியிருந்தோம். நம்மிடம் வருவதற்கு உரிமை கேட்கும் நாம், நம்மைவிட்டுப் போவதற்கும் அதே உரிமை உண்டு என்பதை ஏற்கவில்லை. அப்போதுதான் நமக்கு விளங்கியது: நாம் இழந்ததாக வருந்தியது அந்த நோயாளியை அன்று. நம் பேரேட்டில் இருந்த ஒரு குடும்ப எண்ணை.

ஆண்டவர் காட்டிய வழி

செல்வந்தரான ஓர் இளைஞர் இயேசுவைத் தேடி வந்தார். இயேசு அவரை அன்புடன் நோக்கினார், அழைத்தார். அவர் வருத்தத்தோடு திரும்பிப் போனார். இயேசு அவரைத் துரத்திச் செல்லவில்லை, சபிக்கவும் இல்லை. வேறொரு சமயம் சீடர் பலர் அவரைவிட்டு விலகினர். அப்போது எஞ்சியிருந்த பன்னிருவரிடமும், நீங்களும் போக விரும்புகிறீர்களா என்று கதவைத் திறந்தே வைத்துக் கேட்டார். அழைப்பில் முழு அன்பும் இருந்தது. முழு விடுதலையும் இருந்தது.

நற்செய்தியைக் கேளாமலேயே நேரிய உள்ளத்துடன் இறைவனைத் தேடுவோரும் மீட்படைய முடியும் என்று வத்திக்கான் சங்கம் 1964ல் கற்பித்தது. அப்படியானால் நற்செய்தி அறிவிப்பு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். அச்சத்தால் அறிவித்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி எழும். நன்றியால் பேசுகிறவருக்கு எழாது. கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைத்தால், ஊரார் சாகாமல் இருந்தாலும், வந்து குடியுங்கள் என்று சொல்லத்தானே தோன்றும்? திருச்சபை ஆள் பிடிப்பதால் வளர்வதில்லை, ஈர்ப்பினால் வளர்கிறது என்ற கருத்தைத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007ல் பிரேசிலில் முன்வைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் தம் பணிக்காலம் முழுவதும் அதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார்.

எனவே பிறரிடம் நம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி போதும் என்று தோன்றுகிறது. இவர் ‘வரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டால், நாளைக்கும் இவர் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போவோமா? போவோம் என்றால் நாம் பேசுவது அன்பின் பேச்சு. போகமாட்டோம் என்றால் வாயைத் திறக்காமல் இருப்பதே நற்செய்திக்கு நாம் செய்யும் தொண்டு. சட்டைப் பையில் செருகப்பட்ட தாளை அந்தப் பெரியவர் அடுத்த நிறுத்தத்தில் எறிந்துவிடுவார். நாற்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்தவரை யாரும் மறப்பதில்லை.

சேலத்திலிருந்து திரும்பிய மறுநாளே அந்தத் தேநீர்க் கடைக்குப் போனோம். இவ்வளவு நீளமாக எதுவும் சொல்லவில்லை. “எங்களுக்குக் கிடைச்சது நல்லதுன்னு நாங்க நம்புறோம், அதான் சொல்லணும்னு ஆசை. ஆனா கேக்க விரும்பாதவர் பையில செருகுனது தப்புதாங்க” என்றோம். கடைக்காரர் சிரித்தார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார். “நீங்க சொல்றத கேக்கறேனோ இல்லையோ, நீங்க வந்து ஒக்காருங்க சாமி” என்றார்.

அந்த விசிப்பலகையில் நமக்கு இடம் இருக்கிறது. நம் கோயில் இருக்கைகளில் அவருக்கும், போய்விட்ட அந்தக் குடும்பத்துக்கும், இன்னும் திண்ணையில் நிற்கும் சகோதரருக்கும் இடம் இருக்கிறதா என்பதை இந்த வாரம் நம் அன்பியக் கூட்டங்களில் சிந்திப்போம். இறையருள் நம் அனைவரையும் வழிநடத்துவதாக.